துணி கட்டாத டிரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து புயல் பேச்சுதான். கடலில் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. நாளை மறுநாள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது கரையேறலாம் என்கிறார்கள். ஐந்தாவது மாடிக்காரர் ஒரு பட்டியல் போட்டார்: பவர் பேங்க், டார்ச், குடிதண்ணீர், பிரெட், மெழுகுவத்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பினார்கள். நாவலூர் கடைகளில் பிரெட் தீர்ந்துவிட்டது என்று அடுத்த செய்தி. நானும் கடமைக்கு எழுந்துபோய், வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று பார்க்க டிரம்மைத் திறந்தேன். வசம்பு வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

வசம்பு தெரியும்தானே? குழந்தைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரைத்துக் கொடுப்பார்களே, அந்தக் காய்ந்த கிழங்கு. அரிசியில் போட்டால் வண்டு அண்டாது. போன மாதம் அம்மா வந்தபோது எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வாசனையில் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். குழுவில் யாரோ, "கார்களை மேடான இடத்தில் நிறுத்தவும்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கார் இல்லை. நான் அதற்குள் மனசால் செய்யூர்ப் பக்கம் போயிருந்தேன்.

செய்யூரிலிருந்து கடல் பக்கமாகப் போகும் ரோட்டில், சவுக்குத் தோப்பு தாண்டினால் எங்கள் காலனி. அப்போது அங்கே பாதிக்கு மேல் கூரை வீடுகள். புயல் வருகிறது என்றால் எங்களுக்கு முதலில் சொல்வது ரேடியோ இல்லை, சவுக்குத் தோப்புதான். அதன் இரைச்சல் மாறும். அப்பா வேலையிலிருந்து பாதியில் திரும்பிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் பழைய மீன்வலையை எடுத்துக் கூரைமேல் வீசி, நாலு மூலையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். குப்பத்தில் இருந்த அவருடைய கூட்டாளி ஒருவர் கொடுத்த வலை அது. கூரையையே மீன் பிடிப்பதுபோல் பிடித்து வைப்பார். "காத்து வந்தா இன்னாடி பண்ணும், வலையில மாட்டிக்கும்" என்பார். மாட்டிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மாவின் வேலை டிரம். மூடிக்குமேல் இரும்பு வளையம் போட்டுப் பூட்டுகிற நீல பிளாஸ்டிக் டிரம்; ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அடியில் அரிசி. அதன்மேல் புளி, மிளகாய், உப்பு எல்லாம் தனித்தனி பொட்டலம். எவர்சில்வர் டப்பாவுக்குள் தீப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே ரேஷன் கார்டும் என் பைலும். பைலை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டுக் கட்டுவாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தாள் எது என்று சொல்லிவிடுவாள். "கோபுரம் போட்டது சாதி சர்ட்டிபிகேட்டு. உன் மூஞ்சி சின்னதா கீறது பத்தாவது. பெருசா கீறது காலேஜு." எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பைல் வைத்திருந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

காலனியில் எல்லோர் வீட்டு டிரம்மும் ஒன்றுபோல இருக்கும். ஒரே வண்டிக்காரனிடம் வாங்கியது. புயல் என்றால் ஜனங்களும் டிரம்களும் சமுதாயக் கூடத்துக்குப் போய்விடுவோம். அங்கே கல்யாண மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில், டிரம்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து டிரம்மின் கைப்பிடியில் கட்டிவிடுவாள். அம்மாவுடையது மஞ்சளில் பச்சைப் பூ. பக்கத்து வீட்டு மேரிக்காவுடையது ஊதா.

நான் காலேஜ் முடித்து வேலை கிடைத்திருந்த வருஷம் அது. இதே நாவலூரில் ஒரு கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும். "ஒரிஜினல் எல்லாம் இல்லாம வராதீங்க" என்று போனில் ஒரு பெண் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை கூடத்தில் அந்தத் துணித் துண்டுகளைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் இருந்தது.

"இன்னாம்மா இது, டிரம்முக்குத் தாலி கட்டி வச்சிகிறீங்க?" என்றேன்.

காலேஜ் ரெக்கார்டு நோட்டுக்கு வாங்கிய தடித்த மார்க்கர் பையில் இருந்தது. துணிகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு டிரம்மிலும் வீட்டுக்காரி பெயரை அழகாக, கொட்டை எழுத்தில் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. தடுப்பது எங்கே, மேடையைச் சுற்றி ஒரே கூட்டம். எங்கள் தெருக் கன்னியம்மா தன் பெயரின்மேல் விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். "இத்தினி எழுத்தா எம்பேருல?" என்றாள். மேரிக்கா இடுப்பில் கைவைத்து நின்று, "ஆரோக்கியமேரின்னு முழுசா எழுதினியா? மேரின்னு பாதியில வுட்டுடாத" என்று எச்சரித்தாள். எழுதி முடித்ததும் எனக்குக் கலெக்டர் ஆனதுபோல் இருந்தது.

காற்று விடிகிற நேரத்தில் வந்தது. கூடத்தின் ஜன்னல் கதவு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. மேடைமேல் சாரல் அடித்ததால் ஆண்கள் டிரம்களை அங்குமிங்கும் நகர்த்தினார்கள். பத்து மணிக்கெல்லாம் ஓய்ந்துவிட்டது. நான் அப்பாவோடு வீட்டைப் பார்க்க ஓடினேன். வலை இருந்தது, கூரை இல்லை. அப்பா வலையைப் பார்த்து, "வல நல்ல வலதான்" என்றார்.

நான் இல்லாத அந்த நேரத்தில் கூடத்தில் என்ன நடந்தது என்றால், ஆளாளுக்கு வீட்டைப் பார்க்கிற அவசரத்தில் டிரம்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். கரண்ட் இல்லை, உள்ளே இருட்டு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் விழுந்த மரம் பார்க்கப் போய்விட்டன. டிரம்மில் பெயர் இருந்தது. அதைப் படிக்கத்தான் அங்கே ஒருத்தியும் இல்லை. நான் எழுதியதை யார் படிப்பார்கள் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, பாருங்கள்.

வீட்டு வாசலில் அம்மா இறக்கி வைத்திருந்த டிரம்மில் "கன்னியம்மா" என்று இருந்தது. என் கையெழுத்து, அவ்வளவு தெளிவாக. அம்மா வளையத்தைக் கழற்றி, குனிந்து, ஒரு மூச்சு இழுத்தாள்.

"வேப்பல. இது நம்முளுது இல்ல."

"என் பைலு அதுலதாம்மா கீது! திங்கக்கெழம இன்னா பண்ணுவேன்?"

"கத்தாத. தெருவுல போய் எல்லாரையும் டிரம்ம எடுத்தாரச் சொல்லு."

கூடத்துக்கு முன்னால், ஈர மண்ணில், எல்லா டிரம்மும் வந்தன. நான் பெயர்களைப் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா மூடிகளைத் திறக்கச் சொல்லிவிட்டாள். ரேஷன் அரிசி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் வண்டு வராமல் இருக்க ஒவ்வொருத்தி ஒன்று போடுவாள். கன்னியம்மா வேப்பிலை, இன்னொருத்தி பூண்டு, இன்னொருத்தி புங்க இலை. பெண்கள் குனிந்து குனிந்து மோந்து பார்த்தார்கள். "தோ, பூண்டு! இது எங்க மாமியா வூட்டு நாத்தம்" என்று ஒருத்தி கத்த, கூரை போன துக்கத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா என்னைப் பார்த்து, "கலெக்டரம்மா, மூக்குலயும் எழுதி வச்சிகினு வந்திருக்கலாமே" என்றாள். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு டிரம் மிஞ்சியது. காய்ந்த மிளகாய் நெடி. மேரிக்காவுடையது. அவள் மட்டும் அங்கே இல்லை. அவள் வீட்டில் சுவரும் சேர்ந்து விழுந்திருந்தது. மருமகன் லோடு ஆட்டோவோடு வந்து, கையில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு, அவளைத் திருப்போரூரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். எங்கள் டிரம் அந்த வண்டியில் போயிருக்கிறது. போன் அடிக்கலாம் என்றால் டவர் இல்லை. ரோட்டில் நெடுக மரம்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்கேதான். மேரிக்கா வளையத்தைக் கழற்றி, பைலை எங்கேயாவது ஈரத்தில் வைத்துவிட்டு, அரிசியை வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து அழுதேன். அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "மேரிக்கா மூக்குக்கு இன்னா, அடைப்பா கீது?"

சனிக்கிழமை காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மெயின் ரோட்டுக்கு வந்து சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். மரம் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு டூவீலர் வந்தது. முன்னால் மருமகன். பின்னால் மேரிக்கா. நடுவில், குழந்தையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அவள் கட்டிப்பிடித்திருந்த நீல டிரம்.

இறங்கவே அவளுக்கு முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. "அடுப்பு பத்த வச்சிட்டுத் தொறந்தேன். உங்க வூட்டு வாசன அடிச்சிச்சி. அப்படியே மூடிட்டேன்" என்றாள்.

"அப்ப பிள்ளைங்களுக்கு இன்னாக்கா ஆக்குன?"

"பக்கத்து வூட்டு பாயம்மா கஞ்சி குடுத்தாங்க. அத வுடு. உள்ள உன் பொண்ணோட சர்ட்டிபிகேட்டு கீறது எனக்குத் தெரியாதா?"

வளையத்தைக் கழற்றினோம். மூன்று பைகளுக்குள், அம்மா போட்ட முடிச்சு அவிழாமல், பைல் அப்படியே இருந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். மேரிக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டி, "ஊதாத் துணி எங்கடி? எடுத்தாந்து கட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேர அழிச்சிடாத. அதுவும் இருக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில், போனில் பேசிய அதே பெண் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "என்ன வாசனை இது?" என்று கேட்டாள். "எங்க வீட்டு வாசனை மேடம்" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

இப்போது காலனியில் எல்லாமே தளம் போட்ட வீடுகள். நல்லதுதான், அம்மா புயலில் தன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். யாரும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போவதில்லை. மேடையில் இப்போது கல்யாணம் மட்டும்தான். என் சான்றிதழ்கள் எல்லாம் போனுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு வாசனை கிடையாது. அப்பாவின் வலை எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. மேரிக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் டிரம்மில் மகள் மொட்டைமாடியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். திருப்போரூர் போனபோது பார்த்தேன். துணி இற்றுப்போய்விட்டது. வெயிலில் வெளுத்து "ஆரோக்" வரைக்கும்தான் படிக்க முடிந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அரிசி கீதா? வசம்பு கீதா? அப்புறம் இன்னா" என்றாள்.

வைத்துவிட்டு, அம்மா இங்கே விட்டுப்போன பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்து, டிரம்மின் கைப்பிடியில் கட்டினேன். கட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த மாடியில் நாலு வீடு. நாலு கதவும் சாத்தியிருக்கின்றன. இதை மாற்றி எடுத்துக்கொண்டு போக இங்கே யாரும் இல்லை.