கிளாவர் ஏழு

லைட்ஹவுஸ் குப்பத்தில் எல்லப்பனைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவுரா? யாரோடயும் சேரமாட்டாரு, ராங்கி புடிச்ச ஆளு" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். நாலு பேரோடு சேர அந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அவர் மனைவி தெய்வநாயகி மஞ்சள் காமாலையில் போனது எண்பத்து மூன்றாம் வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. அவள் இருந்தவரை எல்லப்பன் மாலை நேரத்தில் வெளியே தங்கியதே இல்லை. அவள் மீன் விற்றுவிட்டு வருவாள், இவர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் சோறு வெந்து இறக்கியும் அந்தப் பேச்சு முடியாது. ஆம்பளைகளெல்லாம் அவரைப் பொண்டாட்டிதாசன் என்று கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. வேறு யாரையும் அவர் தேடிக்கொள்ளவுமில்லை, தேவைப்படவில்லை.

அவள் போன பிறகுதான் தெரிந்தது. பகலை எப்படியாவது தள்ளிவிடலாம், கடல் இருக்கிறது, வலை இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு என்ன செய்வது? அடுப்பைப் பற்றவைப்பார், அணைப்பார். வாசலில் வந்து நிற்பார். என்னிடம், "இன்னா இருசம்மா, கொழம்பா?" என்பார். ஆமாம் என்பேன். அதற்குமேல் பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது.

அவர் வீட்டுக்கு எதிரே வலை போடும் கொட்டகை. அங்கே தினமும் சாயங்காலம் நாலு பேர் கழுதை ஆடுவார்கள். காசு வைத்து ஆடும் ஆட்டமில்லை. கட்டு முழுவதையும் நாலு பேருக்கும் பிரித்துப் போடுவார்கள், கடைசி வரை கையில் சீட்டோடு நிற்கிறவன் கழுதை. மறுநாள் டீ அவன் செலவு. இதற்கு அவர்கள் போடும் சத்தம் இருக்கிறதே, கடல் சத்தமே கேட்காது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் எல்லப்பன் தனியாகச் சாப்பிடுவார்.

மெல்லப் போய்க் கொட்டகைத் தூண் ஓரமாக நிற்க ஆரம்பித்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒருநாள் பொன்னுரங்கம் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "இந்தக் கட்டு நாறிப்போச்சுபா. எவனாவது புதுசு ஒண்ணு வாங்கியாந்தான்னா, அவன மடியில வெச்சிக்கினு ஆடலாம்" என்றான்.

அவன் வாய் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். எல்லப்பன் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, படகில் ஏரியைத் தாண்டிப் பழவேற்காடு போனார். கடைத்தெருவில் ஜலாலுதீன் பாய் கடை. அங்கே நடந்ததைப் பாயே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கெட்ட சிரிப்பில்லை.

"பாய், சீட்டுக்கட்டு ஒண்ணு வேணும். ஆடத் தெரியாதவன் ஆடற மாதிரி."

"அப்படித் தனியா கட்டு கிடையாது எல்லப்பா. எல்லாத்துலயும் அதே ஐம்பத்திரண்டுதான்."

மூன்று விதம் எடுத்துப் போட்டார். ஒன்று வெறும் காகிதம், மலிவு. ஒன்று சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனது, ஓரத்தில் தங்கப் பூச்சு. மற்றொன்று பிளாஸ்டிக் பூசியது, நீலப் பூ போட்ட முதுகு. எல்லப்பன் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை எடுத்து, வலை நூலைப் பார்ப்பதுபோல் கட்டைவிரலில் உருட்டினார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காகிதம் எங்கள் ஆட்களின் ஈரக்கைக்கு ஒரு வாரம் தாங்காது. தங்கப் பூச்சு பார்த்தால் பயமாக இருந்தது, தொடவே யோசிப்பார்கள். பிளாஸ்டிக்தான் தண்ணீர் பட்டாலும் துடைத்தால் போகிறது.

பாய் நல்ல மனுஷர். "உங்க ஆளுங்க இப்ப எதுல ஆடறாங்களோ, அதையே பாத்து வாங்கு" என்றும் சொன்னாராம். எல்லப்பனுக்கு அது காதில் ஏறவில்லை. இருப்பதில் நல்லதைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். பொண்ணு பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவானா?

அன்று இரவு தட்டிக்கு அந்தப் பக்கம் சீட்டு எண்ணும் சத்தம் கேட்டது. இஸ்பேட், ஆடுதன், டைமன், கிளாவர் என்று பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் பேச்சுக்குரல்.

மறுநாள் கொட்டகையில் கட்டைக் கொடுத்தார். நல்ல வேளையாக நாலாவது ஆள் கருப்பன் கடலிலிருந்து திரும்பவில்லை. "உக்காரு எல்லப்பா" என்றான் துளசிங்கம். உட்கார்ந்துவிட்டார். நான் மீன் கழுவிக்கொண்டே பார்த்தேன், எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஆட்டம் களைகட்டவில்லை. கேலி இல்லை, சிரிப்பு இல்லை. நாலு பேரும் பரீட்சை எழுதுகிறவர்கள்போல் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பொன்னுரங்கம் சீட்டைக் கீழே போட்டான்.

"இன்னாபா இது, ஒண்ணுமே தெரியல. குருட்டு ஆட்டம்."

அப்போதுதான் எல்லப்பனுக்கு விஷயம் புரிந்தது. பழைய கட்டில் ஒவ்வொரு சீட்டையும் அவர்கள் முதுகைப் பார்த்தே சொல்வார்கள். மூலை மடிந்தது இஸ்பேட் ராஜா, குழம்பு சிந்தியது ஆடுதன் பத்து, பீடி சுட்டது டைமன் ஜாக்கி. யார் கையில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடிப்பதும், ஒருத்தனை மாட்டிவிடுவதும்தான் அந்த ஆட்டமே. பல வருஷமாகச் சேர்ந்து உட்கார்ந்து அழுக்காக்கிய கட்டு அது. அதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

பழைய கட்டை எடுத்தார்கள். உடனே சிரிப்பு திரும்பி வந்தது. எல்லப்பனுக்கு ஒரு முதுகும் தெரியாது, அவர் கையில் இருப்பதோ மற்ற மூவருக்கும் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரே கழுதை. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. மறுநாள் எல்லாருக்கும் ஆசையாக டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதற்குள் கருப்பன் திரும்பி வந்துவிட்டான், அவன் இடத்தில் அவன் உட்கார்ந்தான். துளசிங்கம் புதுக்கட்டை எடுத்து, "ஊட்ல பத்திரமா வெச்சிக்கோ எல்லப்பா" என்று கையில் திணித்தான்.

கொஞ்ச நாள் கழித்துத் துளசிங்கம் அவர் வாசலில் வந்து நின்றான். துக்கம் கேட்டுப் போனதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை ஒருத்தர் மிதித்தது அன்றுதான். எல்லப்பன் கொடியில் கிடந்த சட்டையை எட்டி எடுத்துவிட்டார், ஆட்டத்துக்குக் கூப்பிடத்தான் வந்திருக்கிறான் என்று.

"கிளாவர் ஏழ ஆடு துன்னுட்ச்சி. உன் கட்டுல கீறத குடேன்."

கொடுத்தார். சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டார்.

அழுக்குக் கட்டில் அந்த ஒரு சீட்டு மட்டும் நீலமாகப் பளபளத்தது. யார் கையில் இருந்தாலும் எல்லார் கண்ணிலும் படும். அதற்கு எல்லப்பன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். "எல்லப்பன் உங்கிட்டதான் கீறான்!" "டேய் எல்லப்பா, வாடா வெளிய!" என்று ஒரே கூத்து.

இது அவருக்குத் தெரியாது. முதல் தடவை சத்தம் கேட்டபோது தட்டில் கை கழுவிவிட்டு ஓடினார். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா எல்லப்பா, இன்னா வோணும்?"

சீட்டுகளுக்கு நடுவே கிளாவர் ஏழு கிடந்தது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. "தீப்பெட்டி கீதா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்தார். அவர் பீடி குடிக்கிறவரே இல்லை, அது அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

அதன்பிறகு தினமும் அந்தக் கொட்டகையில் அவர் பேர்தான். வாடா, போடா, மாட்டிக்கினியா என்று ஊரே கேட்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே ஐம்பத்தோரு சீட்டைப் பரப்பி, இரண்டு கை பிரித்து, இரண்டு பேருக்கும் தானே ஆடிக்கொண்டிருப்பார். பேர் காதில் விழும்போது மட்டும் கை ஒரு நொடி நிற்கும். அதைத் தட்டி இடுக்கில் நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் கருப்பன் லாஞ்சு வேலைக்குக் காசிமேடு போய்விட்டான். அந்தச் சமயம் நான் காட்டூரில் தங்கை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது கருப்பன் இடத்தில் வேறு எவனோ உட்கார்ந்திருந்தான். பொன்னுரங்கம்தான் என்னிடம் சொன்னான்: "மொதல்ல உன் பக்கத்து ஊட்டுக்காரரைத்தான் கூப்ட்டோம். உள்ள வெளக்கு எரியுது, மனுஷன் எழுந்தே வரல. ராங்கி."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் எல்லப்பனிடம் சொன்னேன்.

"அண்ணே, கருப்பன் போன அன்னிக்கு அவங்க சீட்டக் கூப்டல. உன்னத்தான் ஆட்டத்துக்குக் கூப்ட்டாங்களாம்."

அவர் பரப்பியிருந்த சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார்.

"நெசமாவா? எத்தினி வாட்டி கூப்ட்டாங்களாம்?"

ஒரு தடவை என்றுதான் பொன்னுரங்கம் சொன்னான்.

"மூணு வாட்டி" என்றேன்.

"மூணு வாட்டியா" என்று கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.