தரையில் ஓடிய நாலு நிமிஷம்

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் பால்ராஜ் என்றால் லாரி மெக்கானிக் என்றுதான் தெரியும். இருபத்தாறு வருஷம் டீசல் கரியிலேயே கிடந்த ஆள். சத்தத்தை வைத்தே எந்த இன்ஜினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். அதனால்தான், மழைக்காலத்துக்கு ஆகும் என்று காலனிக்காரர்கள் காசிமேட்டிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை இன்ஜினோடு வாங்கி வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனிடம் வந்தது.

போன மழையில் அந்தப் படகு ஒரே ஒரு தடவைதான் ஓடியது. ஏறியது அவன் பெண்டாட்டி ஞானசௌந்தரி. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் செய்கிற உடம்பு. தெருவில் இடுப்பளவு வெள்ளம், நாலு நாளாகப் போக முடியவில்லை. மெயின் ரோட்டுக்குப் பாதி வழியில் இன்ஜின் கொதித்துப் புகைந்து நின்றுபோனது. அவனும் பக்கத்து வீட்டு வேம்புலியும் தண்ணீரில் குதித்து, எதிர் இழுப்பில் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரி சேர மத்தியானம் தாண்டிவிட்டது. காலையிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குப்பை அடைத்துக்கொண்டது என்றார்கள் எல்லோரும். அவனும் அதையே நம்பி, வெள்ளத்தில் மிதந்த பிளாஸ்டிக் கவர்களைத் திட்டியே பத்து மாதத்தை ஓட்டினான்.

அடுத்த மழை நெருங்கியதும் தானே பிரிக்க உட்கார்ந்தான். தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடையை முதலில் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அடிப்பாகத்தின் போல்ட்டுகளைக் கழற்றி இறக்கி, தண்ணீர் பம்பின் மூடியைத் திறந்தான். தண்ணீரை மேலே தள்ளுகிற ரப்பர் சக்கரம் உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஆறு இதழில் நாலைக் காணோம். மிச்சம் இரண்டும் கருகி மடங்கிக் கிடந்தன. குப்பை செய்கிற வேலை இல்லை இது.

லாரி, இன்ஜின் சூட்டை ஆற்றுகிற தண்ணீரைத் தானே சுமந்து போகும். எங்கே நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினாலும் ஒன்றும் ஆகாது. இது தான் நிற்கிற தண்ணீரையே உறிஞ்சிக் குடிக்கிற இன்ஜின். தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்று விற்றவன் இரண்டு தரம் சொன்னான். இவனுக்கு எவன் இன்ஜின் பாடம் எடுப்பது? ஃபாதர் படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்று, காலனியே கேட்கட்டும் என்று இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டி நாலு நிமிஷம் உறுமவிட்டான்.

மகள் ஜெனிஷா அதைப் போனில் படம் பிடித்திருந்தாள். ஞானசௌந்தரியின் குரலுக்காகவே அவன் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுய்யா, கேக்க நல்லாக்கீது."

மூடியை அப்படியே போட்டுவிட்டு அன்றைக்கு எழுந்து போய்விட்டான். மறுநாள் வந்து, மேலே குழாயில் ஏறிக் கிடந்த ரப்பர் துண்டுகளைக் கம்பியால் நோண்டி எடுத்தான். நாலும் கிடைத்தபிறகுதான் புதுச் சக்கரத்தை மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு தபா முறுக்கிக் காட்டு அண்ணாத்தே, செத்த இன்ஜினா இருந்தா தோசைக்கல்லாவது ஆகும் என்றான் வேம்புலி.

"ட்ரம்முல தண்ணி ரொப்பு, அப்புறம் முறுக்கறேன்," என்றான் பால்ராஜ். "போன வருசம் தரையில ஓட்டுனேன்ல, அதுலதான் பம்பு கருகிப்போச்சு. குப்ப இல்ல. நான்தான்."

வேம்புலி ட்ரம்மை உருட்டி வரப் போனான். ஜெனிஷா கிட்டே வந்தாள்.

"நான் வீடியோ எடுத்தேனே, அப்பவாப்பா?"

"ஆமா. உங்கம்மா போதும் நிறுத்துன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

அந்த வீடியோவைத் தானும் எத்தனையோ தடவை கேட்டிருந்த அவள், அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ட்ரம் நிறைந்ததும் இன்ஜின் அடிப்பாகத்தை அதில் இறக்கி, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தான். இன்ஜினின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் மெல்லிசாகப் பீய்ச்சியடித்தது. கையை நீட்டிப் பிடித்தான். வெதுவெதுப்புதான், சூடு இல்லை. நாலு நிமிஷம் தாண்டியும் கையை எடுக்கவில்லை. ஜெனிஷா இந்தத் தடவை போனை வெளியே எடுக்கவில்லை.