நீர்பாய்ச்சி வெள்ளத்துரை மலைக்குப் போன நாள்

எங்கள் ஊர் நீர்பாய்ச்சி வெள்ளத்துரைக்கு, மலைக்குப் போய்வந்ததிலிருந்து காது மந்தமாகிவிட்டது என்று வயல்காட்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எதைச் சொன்னாலும் "இன்னொரு தடவ சொல்லு" என்கிறானாம். நாற்று நடுவைக்கு வரும் பெண்கள் கத்திச் சொல்கிறார்கள். சிலர் கையால் சைகை வேறு காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் காதுக்கு ஒரு கோளாறும் கிடையாது.

தாமிரபரணி வாய்க்கால் தண்ணீரை இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று மடை திறந்து விடுவது அவன் வேலை. மண்வெட்டியோடு அவன் மடையில் நின்றால் யாரும் எதிர்ப்பேச்சு பேசக்கூடாது. அது ஊர்க் கட்டு. பேசவிட்டால் ஆளாளுக்கு இழுப்போம், கடைசி வயல் காய்ந்து போகும். நியாயமான கட்டுதான். ஆனால் இருபது வருடமாக மறுபேச்சே கேட்காத மனிதன் என்ன ஆவான் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

மாரிராஜும் எங்கள் ஊர்க்காரன்தான், வெள்ளத்துரையோடு ஒரே வகுப்பில் படித்தவன். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்து மாப்பிள்ளையூரணியில் குடியேறிவிட்டான். கப்பல் மேல்தளத்தில் நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கை காட்ட வேண்டும். ஒரு கையசைப்பில் முடிகிற வேலை. அவன் பேச்சும் அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் வெள்ளத்துரை பேசுவான், இவன் சிரிப்பான்.

போன மாசியில் மாரிராஜ் போனில் ஏதோ மலைக்கிராமத்தைப் பார்த்துவிட்டு, "கடலும் வயலும் பாத்தே வயசாயிட்டுலே, ஒருநாள் மலையில நடப்போம்" என்று கூப்பிட்டான். தேனிப் பக்கம் போனார்கள். அங்கே மலைமேல் உள்ள மேலூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கீழூருக்கு நடந்து இறங்குவதாகத் திட்டம். அங்கே ரோடு கிடையாது, அரிசி மூட்டை முதற்கொண்டு குதிரையில்தான் ஏறும். காலையில் கடுங்காப்பி கொடுத்த கடைக்காரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். குதிரைச் சாணம் கிடக்கிற பாதையை விட்டு விலகக்கூடாது.

பதினொரு மணி வரை சாணத்தைப் பார்த்துப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். பிறகு மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடி தூரம் தெரியவில்லை. எங்கேயோ பாதை பிரிந்து, சாணம் இல்லாத தடத்தில் கால் வைத்துவிட்டார்கள். இடது பக்கம் ஓடைச் சத்தம் கேட்டது.

"சாணி கிடந்த இடத்துக்கே திரும்பிருவோம்லே" என்றான் மாரிராஜ்.

வெள்ளத்துரை சிரித்தான். "தண்ணிக்குத் தெரியாத ஊரா? ஓடையப் பிடிச்சு இறங்குனா ஊரு தன்னால வரும். பேசாம வா."

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம், நானும் சேர்த்துத்தான். எங்கள் பக்கம் எந்த வாய்க்காலைப் பிடித்து நடந்தாலும் அரைமணியில் ஒரு ஊர் வரும். அப்படியே நடந்தால் புன்னைக்காயலில் கடலே வந்துவிடும். மலைத் தண்ணீர் மனிதன் நடக்கிற வழியாக இறங்காது என்பது எங்களுக்கு எங்கே தெரியும்?

ஒரு மணி நேரம் பாறை பாறையாக இறங்கினார்கள். பாறை வழுக்கியது. ஏறித் திரும்ப முடியுமா என்று சந்தேகப்படும் அளவுக்குச் செங்குத்தாகிவிட்டது. மாரிராஜ் நின்றுவிட்டான்.

"வெள்ளத்துரை, திரும்பிருவோம்லே. எனக்கு நல்லாப் படல."

"நானாச்சு, வா."

மாரிராஜ் மறுபடி வாய் திறக்கவில்லை. மடைப் பக்கம் வளர்ந்தவன்தானே அவனும். இன்னும் நாலு பாறை தாண்டியதும், வெள்ளத்துரையின் காலடியில் ஓடை முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் மஞ்சு. தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப ஆழத்திலிருந்து வந்தது. இனி ஏறத்தான் வேண்டும் என்று சொல்லத் திரும்பினான். அதற்குள் மாரிராஜ் பின்னாலிருந்த பாசிப் பாறையில் கால் வைத்து வழுக்கிவிட்டான். சட்டையை எட்டிப் பிடித்திருக்கிறான் வெள்ளத்துரை. கையில் ஒரு பொத்தான்தான் மிஞ்சியது.

தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டுக் கீழூர்க்காரர்கள் பொழுது சாய்வதற்குள் வந்து இவனை மேலே ஏற்றினார்கள். மறுநாள் மாரிராஜைக் கம்பளியில் சுற்றி, மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

போலீஸில் வெள்ளத்துரை, "வழி தவறிட்டோம்" என்றான். பொய் இல்லை. ஆனால் ஊர் அதைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டது. மலைக்குக் கூப்பிட்டவன் மாரிராஜ், அதனால் வழியைத் தவறவிட்டவனும் மாரிராஜ். தண்ணீரை அறிந்த வெள்ளத்துரை தப்பு பண்ணுவானா என்றார்கள். நானும் டீக்கடையில் அதையே சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வெள்ளத்துரையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் பைக்கில்தான் வந்தான். வழியில்தான் மலையில் நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னான். சாப்பிட்டு எல்லோரும் கிளம்பியபின், மாரிராஜின் மனைவி பொன்செல்வி எங்களிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, சும்மா கிடந்த உங்களையும் இழுத்துட்டுப் போயி இந்தப் பாடு படுத்திட்டாரு. மனசுல வச்சுக்கிடாதிய."

வெள்ளத்துரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். எனக்கு உள்ளூர, இவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

"இல்ல தங்கச்சி. நான்தான் ஓடைல இறக்குனேன். அவன் திரும்பிருவோம்னுதான் சொன்னான். ரெண்டு தடவ சொன்னான், நான் கேக்கல."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன்.

"ரெண்டு தடவயா?" என்றாள். "பதினெட்டு வருசமா எங்கிட்ட எதையும் அவரு ஒரு தடவைக்கு மேல சொன்னதே இல்ல அண்ணாச்சி. அவ்வளவு பயந்துட்டாரா?"