தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது

எங்கள் பல்கனியில் கட்டியிருந்த துணியைப் பற்றிப் பிக்கரிங்கில் இருக்கும் என் அண்ணைக்கு மறுநாளே செய்தி போய்விட்டது. எங்கள் சனத்துக்கு வேறென்ன வேலை? ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்திய யாரோ நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள், படம் எடுத்திருக்கிறார்கள், அனுப்பியிருக்கிறார்கள். கறுப்பின மக்களின் உயிர்கள் முக்கியம் என்று ஆங்கிலத்தில் என் மகள் ஒரு பழைய கட்டில் விரிப்பில் எழுதிக் கட்டிய துணி அது. அந்தக் கோடையில் ரொறன்ரோ முழுக்க அந்த வாசகம்தான்.

அண்ணை போனில் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியின் திவசத்துக்கு வரும்போது நேரிலேயே பார்த்துக்கொள்வோம் என்று மனதுக்குள் வைத்திருந்தார்.

தம்பி எங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவனைச் சந்தியில் வைத்து இலங்கை ஆமி சுட்டது. அவனுடைய திவசம் வருடாவருடம் என் வீட்டில்தான் நடக்கும். படம் என்னிடம் இருக்கிறது, அவன் வாய்க்குப் பிடித்ததைச் சமைக்கத் தெரிந்தவளும் நான்தான். முருங்கையிலை வறை, பாவற்காய்க் குழம்பு, உழுந்து வடை. கத்தரிக்காய் மட்டும் கிட்டவும் வரக்கூடாது. தின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கும், உதடு வீங்கும். அவனுக்காக அம்மா வீட்டில் அதைச் சமைப்பதையே விட்டிருந்தா. அண்ணைக்கு இதெல்லாம் தெரியாது. தம்பி அரைக் காற்சட்டையோடு திரிந்த காலத்திலேயே அவர் கனடாவுக்கு வந்துவிட்டார். பிறகு எங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டதும் அவர்தான். அதை அவர் மறந்ததுமில்லை, எங்களை மறக்க விட்டதுமில்லை.

அந்த வருடமும் படைத்தோம், கற்பூரம் காட்டினோம். காகத்துக்குச் சோறு வைப்பது மூத்தவரின் பொறுப்பு. இலைத்துண்டில் சோற்றை எடுத்துக்கொண்டு அண்ணை பல்கனிக்குப் போனார். இங்கே காகம் அபூர்வம், புறாதான் வந்து தின்னும். பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று கட்டட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நாங்கள் அதை மதிப்பதில்லை. போனவர் வரக் காணோம். வந்தபோது கையில் மகளின் துணி இருந்தது. முடிச்சுகளை அவிழ்த்துச் சுருட்டியிருந்தார். வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்கு மேலே அதை எறிந்தார்.

"அவன்ர திவசத்தண்டு உது இஞ்ச தொங்கக் கூடாது."

மகள் எழுந்து வந்தாள். "மாமா, அது என்ர. என்னைக் கேக்காமல் ஏன் கழட்டினீங்கள்?"

"எல்லா உயிரும் ஒண்டுதானே பிள்ளை? அதென்ன அவைக்கு மட்டும் தனியா ஒரு போர்ட்?"

"மட்டும் எண்டு அதில எங்க எழுதிக் கிடக்கு? பொலிஸ் ரோட்டில போட்டுக் கொல்லுறது அவையை. அதால அவையின்ர பேரைச் சொல்லுறம். சிம்பிள், மாமா."

உடனே அண்ணை தன் டாக்ஸிக் கதையை எடுத்தார். அவர் டாக்ஸி ஓடிய காலத்தில் ஒரு கறுப்பினப் பெடியன் கத்தி காட்டிய கதை. அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊரில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்து அம்மாவின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனவன் சுத்தத் தமிழன். அதற்காக அண்ணை தமிழரை வெறுத்ததாக நான் அறியேன்.

என் கணவர் வழக்கம்போல நடுவில் வந்து நின்றார். "எல்லாரின்ர உயிரும் முக்கியம், அவையின்ரயும் முக்கியம். சாப்பாடு ஆறுது, துணியைப் பிறகு பாப்பம்." இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியே காலம் தள்ளுகிற மனிதர். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கவும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணை விடவில்லை. "தம்பி ஒரு பாவமும் அறியாதவன். அவன்ர படத்துக்கு முன்னால உதுகளைப் பற்றிக் கதைக்காதேங்கோ. உதுகள் ஏதோ செய்யிறபடியால்தானே பொலிஸ் சுடுறான். சும்மா சுடுவானே?"

தம்பியைச் சுட்ட அன்று எங்கள் ஒழுங்கைச் சனம் வேலியோடு நின்று சொன்னதும் இதே கதைதான். சும்மா சுடுவானே, ஏதாவது இருந்திருக்கும். எங்கள் அப்பாவின் காதில் விழும்படிதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்த ஒழுங்கையால் போவதையே நிறுத்திவிட்டார்.

"அண்ணை, தம்பியின்ர பையில குண்டு இருந்தது எண்டு ஆமி சொன்னது. நீங்கள் அப்ப இஞ்ச இருந்தனீங்கள். அந்தப் பையைத் திருப்பி வாங்கினது நான். உள்ளுக்கு இருந்தது கொப்பியும் சாப்பாட்டுப் பெட்டியும். இப்ப சொல்லுங்கோ, ஆமி சும்மா சுட்டதோ, இல்லையோ?"

"அவனையும் உதுகளையும் ஒண்டாக்காதை!" என்று கத்தினார்.

"எல்லா உயிரும் ஒண்டுதான் எண்டு இப்ப ஆர் சொன்னது?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கார்த் திறப்பை எடுத்தார், சப்பாத்துகளுக்கு மேலே கிடந்த துணியைக் காலால் தள்ளித் தன் சப்பாத்தைத் தேடினார், போய்விட்டார். அவருக்குப் போட்ட இலை அப்படியே கிடந்தது. திவசச் சோறு தின்னாமல் எழுந்து போவது செத்தவனின் முகத்தில் அடிக்கிற மாதிரி. போகட்டும் என்று விட்டேன். மகள் துணியை உதறிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மற்ற முனையை அவள் கட்டினாள்.

அதன்பிறகு ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லை. அடுத்த திவசம் கிட்டியபோது அண்ணையின் மனைவி, என் மச்சாள், போன் எடுத்தா. இந்த முறை பிக்கரிங்கில் தாங்களே செய்கிறார்களாம், நான் சிரமப்படத் தேவையில்லையாம். தம்பி எனக்கும் தம்பிதானே என்று அண்ணை சொல்லச் சொன்னாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓம் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தேன். நான் என் வீட்டில் வழக்கம்போலச் சமைத்தேன், படைத்தேன்.

மத்தியானம் மச்சாள் குடும்பக் குரூப்பில் படம் போட்டிருந்தா. பெரிய வீடு, பெரிதாக்கிச் சட்டமிட்ட தம்பியின் முகம், ரோசாப்பூ மாலை. சாப்பாடு ஸ்காபரோவில் ஏதோ பிளாசாவில் ஓடர் கொடுத்தது, பார்த்தாலே தெரிந்தது. எந்த வீட்டுத் திவசத்துக்கும் அவர்கள் கொடுக்கிற அதே கறிகள். தம்பியின் இலைக்கு நடுவில் எண்ணெய் மிதக்கக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு.

வீம்பை எல்லாம் விட்டு அண்ணைக்கு நானே எடுத்தேன். "அண்ணை, அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. ஆக்கள் சாப்பிட முதல் அவன்ர இலையில இருந்து அதை எடுங்கோ."

அவருக்குப் பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது.

"செத்தவனுக்கு என்னடி கத்தரிக்காய்? எல்லாம் சாப்பாடுதானே," என்றார்.

நான் போனை வைத்துவிட்டு வந்து தம்பியின் இலையில் இன்னொரு கரண்டி பாவற்காய் வைத்தேன். அவன் எந்த வீட்டுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும்.