ஐந்தாவது பத்தியில் இருந்த எச்சரிக்கை

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். எனக்கு மரியாதை கூடிவிடும். மனத்துக்குள் ஒருவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டே வெளியில் குழைந்துகொண்டிருப்பேன். இந்த வியாதியால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பாதி அந்த ஆள் மேல், மீதி என் மேல்.

தொண்ணூற்றெட்டாம் வருடம். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மங்கரே பகுதியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். சென்னையில் ஒன்பது வருடம் இதே வேலை பார்த்தவன்தான். ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லை என்று ஆக்லாந்தில் பதினோரு மாதம் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பதினோரு மாதமும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கினேன். எந்த மூட்டையில் எவ்வளவு கல் இருக்கும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லும் அளவுக்கு உள்ளூர் அனுபவம் சேர்ந்தது. நேர்முகத் தேர்வில் அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் மேலாளர் வெள்ளைக்காரர். குளிரானாலும் மழையானாலும் அரைக்கால் சட்டைதான். பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு புரளவில்லை, 'சார்' என்றேன். முதல் வாரம் சிரித்தார். அடுத்த வாரம் பழகிக்கொண்டார். மூன்றாவது மாதம் அதை எதிர்பார்க்கவே தொடங்கிவிட்டார். நல்ல மனிதரைக் கெடுத்தது நான்தான்.

பிரிவில் இன்னொரு தமிழ் ஆள் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. டேப்புகளை மாட்டுவதும், புரோகிராம்களை ஓட்டுவதும், தினமும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பதும் அவர் வேலை. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஹென்டர்சனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். மூன்று மாத ஒப்பந்தங்களிலேயே இரண்டு வருடம் ஓட்டியிருந்தார். அந்த மாதம் அவரை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். கொழும்பில் ஒரு லாட்ஜில் அக்காவின் கடைசித் தம்பி விசாவுக்குக் காத்திருந்தான். அக்காவுக்கு நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் இருந்தால் விண்ணப்பம் தேறும், இல்லாவிட்டால் சந்தேகம்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தைப் பற்றி நாங்கள் பேசாத மதியச் சாப்பாடு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பழைய புரோகிராம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை, காலாவதியான வாடிக்கையாளர் ஒப்பந்தங்களை அழிக்கும் புரோகிராம் அது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் வருடத்துக்குக் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான். இரண்டாயிரம் என்றால் வெறும் இரண்டு பூச்சியம். இரண்டாயிரத்தில் முடியும் ஒப்பந்தம் ஒன்று உள்ளே வந்தால், இது தொண்ணூற்றெட்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போனது என்று இந்த புரோகிராம் அழித்துவிடும். புது ஒப்பந்தங்களோ அந்த மாதம்தான் இரண்டு வருடக் கணக்கில் வர ஆரம்பித்திருந்தன. புரோகிராமின் தலைப்பில் எழுதியவர் பெயர் இருந்தது. மேலாளர் பெயர்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மேலதிகாரி எழுதியதில் தப்பு என்று அவரிடமே எப்படிச் சொல்வது? உட்கார்ந்து ஒரு குறிப்பு தயாரித்தேன். முதல் பத்தியில் இந்த வாய்ப்பை அளித்ததற்கு நன்றி. இரண்டாவதில் கம்பெனியின் வளர்ச்சி. மூன்றில் அந்த புரோகிராமின் கட்டுக்கோப்பு இன்றைய இளைஞர்களுக்கு ஒரு பாடம் என்றேன். நான்காவதில் என் சிற்றறிவுக்கு எட்டிய ஒரு சிறு ஐயம் என்று இழுத்தேன். ஐந்தாவதில், அடுத்த முறை ஓட்டுமுன் தேதிகளை ஒருவேளை ஒரு பார்வை பார்க்க இயலுமா என்று பணிவுடன் கேட்டுக்கொண்டேன். மேலாளர் நடந்துகொண்டே அதைப் புரட்டினார், பிரமாதம் என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அட்டவணைப்படி அக்கா அந்த புரோகிராமை ஓட்டினார். அழிக்கட்டுமா என்று அது கேட்டது. மாதாமாதம் செய்வதுபோல ஆம் என்று அழுத்தினார். புது ஒப்பந்தங்கள் அத்தனையும் போயின. ஒப்பந்தம் இல்லாத சரக்கைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்ததால் லாரிகள் வாசலில் வரிசை கட்டின. இறாலும் பூவும் விமானம் ஏற முடியாமல் வெயிலில் நின்றன. அக்கா முந்தின நாள் டேப்பை எடுத்து மாட்டி, மதியம் மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

நாலு மணிக்குக் கூட்டம். இது ஆபரேட்டரின் தவறு என்றார் மேலாளர். அழியப்போகிறவற்றின் பட்டியலைப் பார்க்காமல் அழுத்திவிட்டார்களாம். நிரந்தரமாக்கும் விஷயத்தை மறுபடியும் யோசிக்க வேண்டுமாம். நான் எழுந்தேன். "மன்னிக்க வேண்டும் சார், தங்கள் அனுமதியுடன்..." என்று ஆரம்பித்தேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்த அந்த ஆளை இன்றைக்குக் கண்டால்கூட அறைவேன். தினமும் கண்ணாடியில் காண்கிறேன் என்பதுதான் சங்கடம்.

கூட்டம் முடிந்ததும் அக்கா என்னை கேன்டீனில் பிடித்தார்.

"நீர் இதை முன்னமே கண்டனீரோ?"

"ஆமா அக்கா. மூணு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன்."

நகலை நீட்டினேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போல வரி வரியாகப் படித்தார்.

"தம்பி, இது எச்சரிக்கையோ, கலியாணக் கார்டோ? முழுப் பக்கமும் அவரைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறீர். வீடு பத்துது எண்டு எங்கை இருக்கு?"

"அஞ்சாவது பத்தியில இருக்கு அக்கா."

"அஞ்சாவதுக்கு ஆர் வருவினம்?" தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகினார். "எனக்காகக் கெஞ்ச வேண்டாம். கண்டதைச் சொல்லும். அதுவே காணும்."

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் பற்களைக் கடித்துக்கொண்டே போனேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், நன்றியும் வணக்கமும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேலதிகாரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"புரோகிராம் தப்பு. நீங்கள் எழுதியது. மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னேன். ஆபரேட்டர் செய்தது சரி."

நகலை மேசையில் வைத்தேன். படித்தார். மூன்றாவது பத்தியில் லேசாகச் சிரிப்பு வந்தது. நான் ஐந்தாவதில் விரலை வைத்தேன். சிரிப்பு போயிற்று. இதை வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

இரண்டு நாள் கழித்து மேலாளரின் அறிக்கை வந்தது. ஆபரேட்டரின் தவறு என்பது காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக, 'புரோகிராமர் பிரச்சினையைத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறினார்' என்று இருந்தது. புரோகிராமை எழுதியவர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் விவகாரத்தை முடித்து அக்காவின் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். கடிதம் அதே கோப்பில் தயாராக இருந்தது. சண்டை போட ஒரு பொய் கிடைக்குமா என்று அறிக்கையை நான்கு முறை படித்தேன். எழுதியிருந்ததெல்லாம் உண்மை. போட்டேன்.

அக்கா அன்றைக்கே கடிதத்தை வக்கீலுக்கு ஃபேக்ஸ் செய்தார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து, "உமக்கென்ன விசரோ? கையெழுத்து வைக்க முந்தி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார். நன்றி சொல்வார் என்று முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். தம்பி அடுத்த வருடம் வந்து சேர்ந்தான். எனக்குச் சோதனைக் காலம் ஆறு மாதம் நீண்டது.

வருடக் கடைசியில், இப்படிப்பட்ட தேதிப் பிழைகளையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கக் கம்பெனி ஒரு குழு அமைத்தது. இந்த விஷயத்தில் ஏற்கெனவே அனுபவமுள்ளவர் என்று மேலாளரைத் தலைவராகப் போட்டார்கள். கேக் வெட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன். அக்கா டேப் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. மேலாளரே ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் துண்டோடு திரும்பினார். அவருக்கு வேலை இருக்கிறதாம் என்று என்னிடம் குழப்பத்தோடு சொல்லி, அதை என் தட்டில் வைத்தார். தின்றேன். கேக் நன்றாகவே இருந்தது. அதற்கும் சேர்த்து எனக்கு எரிந்தது.