மடக்குக் கத்தியும் அறுபடாத கயிறும்

மடக்குக் கத்தி விற்பதைப் போல ஆளை அசடாக்கும் தொழில் வேறு கிடையாது. வெற்றிலை வாங்குகிறவர் மெல்லத்தான் வாங்குகிறார் என்று கடைக்காரனுக்குத் தெரியும். கத்தி வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் கத்திகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துரு தேய்த்து, சாணை பிடித்து விற்பேன். அழகானது ஏதாவது அகப்பட்டால் விற்க மனம் வராது, என் சட்டைப் பையிலேயே தங்கிவிடும். தெருவோரம் கடை பரப்பி வாடிக்கைக்காரர் வாயில் விழுந்து எழுந்தவர்களே, நீங்களாவது நான் சொல்வதை நம்புங்கள்.

வெட்டாத கத்தி

மூலக்கொத்தளத்திலிருந்து மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். அன்றைக்குத்தான் சாணை பிடித்த கத்தியால் என் முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டி, பெருமையோடு பலகையில் வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. ஓரத்தில் கிடந்த, துருவேறித் திறக்கவே வராத ஒன்றை எடுத்துக்கொண்டார். "அது நகம்கூட வெட்டாதே" என்றேன். பிள்ளை பெற்ற மனைவியின் தலைமாட்டில் வைக்கத்தான் என்றார். வீடு சுடுகாட்டுச் சுவரை ஒட்டியதாம். போகிற போக்கில் அவர் சொன்னதைக் கேட்டு, பட்டப்பகலில் நானும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"வெட்ட வாணாம் நைனா, இரும்பா இருந்தா போதும். வர்றது இன்னா மனுசனா, வெட்டி ரத்தம் பாக்க?"

வலையில் வந்தது

கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் துணியில் சுற்றி ஒரு கத்தியைக் கொண்டுவந்தார். மான்கொம்புப் பிடி, அதில் சூடு வைத்த மூன்று புள்ளிகள். பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. பிடியின் வளையத்தில் கறுப்பும் சிவப்புமாக முறுக்கிய கயிறு ஒன்று கோத்திருந்தது. முடிச்சுப் போட்ட முழு வட்டம். ஓர் ஆள் இடுப்பு அளவு. அரைஞாண் கயிறு.

பழைய கத்தியின் கயிற்றை முதலில் அறுத்துப் போடுவது என் வழக்கம். கத்தரியை எடுத்தேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையை வெறும் இடுப்போடு விடுவதில்லை. புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழசைக் கழற்றுவார்கள். இடுப்பில் ஒன்றும் மிஞ்சாமல் அறுத்தெடுப்பது பிணத்துக்கு மட்டும்தான். பெரியவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை. துணியை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மீனோட மீனா வலைல வந்துச்சு. வூட்ல வச்சிக்கவும் பயமா கீது, திருப்பிக் கடல்ல போடவும் பயமா கீது. நீ வச்சிக்க, ஆனா அறுக்காத."

காயாத கயிறு

துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிற தோஸ்து ஒருவன் அதைப் பார்த்து ஆசைப்பட்டான். கயிற்றைப் பிடியிலேயே சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வாரம் முடிவதற்குள் திரும்பி வந்தான். சட்டையில் நெஞ்சுக்கு நேராக வட்டமாய் ஈரம். கொதிக்கும் தகரக் கூரைமேல் போட்டுப் பார்த்தானாம், அடுப்பு மேட்டில் வைத்துப் பார்த்தானாம், எடுத்துப் பையில் போட்டால் மறுபடி ஈரம். உப்பேறிய நூல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்று அவனுக்கு விளக்கம் சொன்னேன். விளக்கம் சரிதான். ஆனாலும் கத்தியைத் திரும்ப வாங்கும்போது கயிற்றில் விரல் படாமல்தான் வாங்கினேன். என் பைக்குள்ளும் போட்டுக்கொள்ளவில்லை, கடை முகப்பு ஆணியில் வெயில் படும்படி மாட்டினேன்.

"நீ ஆயிரம் சொல்லு மாமு, அது இன்னும் தண்ணிக்குள்ளாறதான் கீது."

முடிச்சைப் பார்த்தவள்

நெட்டுக்குப்பத்து ஆள் ஒருவர் ஆணியில் தொங்கியதைப் பார்த்துவிட்டு ஓடினார். மறுநாள் தன் அண்ணியோடு வந்தார். இதே கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டுமரத்தில் போன அண்ணன் மாதக்கணக்காகத் திரும்பவில்லை. கருமாதிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவள் மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். கத்தியைக் கண்ணால் பார்த்தாலாவது ஒப்புக்கொள்வாள் என்று அழைத்து வந்திருந்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வலையில் வந்தது என்றேன்.

அவள் புள்ளிகளைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் விரலால் வருடிக்கொண்டே போய் முடிச்சில் நிறுத்தினாள். அவளே முறுக்கி, அவளே போட்ட முடிச்சு. அவிழவில்லை, அறுபடவும் இல்லை. "அறுக்காத எப்பிடி அண்ணி வெளிய வந்துச்சு? யோசிச்சுப் பாரு" என்றார் கொழுந்தன், அழாத குறையாக. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சதை நின்ற இடுப்பைவிட்டு அந்தக் கயிறு நழுவாது. சதை போன பிறகுதான் நழுவும். அதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கயிற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்தது, அழுகையாலா கயிற்றாலா என்று எனக்குத் தெரியவில்லை. கத்தியை மடியில் கட்டிக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள். நல்ல சேதி சொல்கிறவள் போல முகம் தெளிவாக இருந்தது.

"இளைச்சிட்டாருப்பா. எங்கியோ சோறு தண்ணி இல்லாத கெடந்து இளைச்சிட்டாரு, அதான் நழுவிடுச்சு. வந்தா புதுசா ஒண்ணு கட்டணும், வா, நூல் வாங்கினு போலாம்."

எங்கள் தொழிலின் லட்சணம் இவ்வளவுதான்: கொடுத்த சரக்கு திரும்பி வந்தாலும் பயம், அதற்குச் சொந்தக்காரர் திரும்பி வந்துவிட்டால் அதைவிடப் பயம்.