அழாத பிள்ளைகளின் கொட்டகை

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆயாக் கொட்டகைக்குப் பெரிய பெயர். அங்கே பிள்ளைகள் அழுவதில்லை. நாயோடு வந்து எட்டிப் பார்க்கும் துரை, அந்த அமைதிக்கு மெச்சித் தலையாட்டிவிட்டுப் போவார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் மூச்சுக் காட்டாமல் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கொழுந்து பறிக்கப் போன தாய்மார்களுக்கும் தோன்றவில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்கும் மலைப்பனிக்கும் ஜென்மப் பகை. ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் துணித் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, கம்பளியைப் போர்த்தி, தொட்டிலின் வாயைத் துணிக் கிளிப்பால் கவ்விவிடுவார். பனி உள்ளே போகாது. காற்றும் போகாது என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்த ஒரே ஆள் என் மகன். வயது நான்கு மாதம். கிளிப் போட்ட கொஞ்ச நேரத்தில் விழித்து, காலை உதைத்து, நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துவான். அக்காவுக்கு மானம் போனது.

"மத்ததெல்லாம் தூங்குது, ஒம் மவன் ஒருத்தன்தான் கத்துறான் லா. டிரெஸ்ஸர்கிட்ட இருமல் மருந்து வாங்கிட்டு வா. குடுத்தா நல்லா தூங்குவான்."

"அவனுக்கு இருமலே இல்லியேக்கா."

"இருக்குன்னு சொல்லு. அவரு என்ன, வந்து பாக்கவா போறாரு?"

சொன்னேன். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸரிடம் கூசாமல் பொய் சொல்லி, சிவப்பு மருந்துப் புட்டியை வாங்கி வந்தேன். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் முன், என் கையாலேயே ஒரு கரண்டி ஊட்டினேன். அன்று அவன் கத்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாளும் ஒரு கரண்டி ஊட்டிவிட்டுத்தான் போனேன். மதியம், கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பால் கொடுக்க ஓடினேன். கிளிப்பை எடுத்தால், கம்பளி முகத்தில் கிடந்தது. உதடு நீலம். அசைவே இல்லை. அள்ளிக்கொண்டு வெளியே ஓடி, உள்ளங்காலைச் சுண்டினேன், சுண்டினேன். அக்காவின் பகையாளியான அந்தப் பனிக்காற்று அவன் முகத்தில் அடித்தது. ஒரு மூச்சு இழுத்தான். இன்னொன்று. பிறகு வீறிட்டான்.

"ஐயோ, முழிச்சிட்டானே!" என்றார் அக்கா.

நானும் அவனோடு சேர்ந்து அழுதேன். இனி ஜென்மத்துக்கும் கத்திக்கொண்டே இரடா என்று வேண்டிக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, நர்ஸாக இருக்கும் மருமகளிடம் கிளிப் கதையைச் சொன்னபோதுதான் விவரம் தெரிந்தது. மூளையின் அடியில், மூளைத்தண்டில், செரோடோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றனவாம். நாம் விழித்திருந்தால் அவை ஓயாது. நடந்தால், மென்றால் இன்னும் சுறுசுறுப்பு. தூங்கினால் அடங்கும், கனவில் அநேகமாக வாயே திறக்காது. ஆனால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால், தூங்குகிறவனையும் அவை உசுப்பிவிடும்: வேகமாக மூச்சு இழு, தலையைத் திருப்பு, எழுந்திரு. வேறு அணுக்களும் கூட உழைக்குமாம், ஆனாலும் இவற்றுக்குப் பெரிய பங்கு.

அதாவது, பெரட்டுக்குக் கதவைத் தட்டும் கங்காணி போல ஒருவர் என் மகன் தலைக்குள்ளும் இருந்திருக்கிறார். அவன் கத்தியதெல்லாம் அவர் தட்டிய தட்டு. நான் அவரையே தூங்க வைக்கும் மருந்தை அவர் வாயில் ஊற்றியிருக்கிறேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மகன் இப்போது பக்கத்து ஊரான கியா பார்மில் காய்கறி லோரி ஓட்டுகிறான். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கம்மா மட்டும் அன்னிக்கு ஓடி வரலேன்னா நான் இல்ல லா" என்று ஆரம்பித்துவிடுவான். மருமகள் என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். புட்டியைப் பற்றி இருவருக்கும் தெரியாது. நான் அந்தத் துரையைப் போலத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.